ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு முறைமை

ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு முறைமை என்பது தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் உள்ள கருவிகளையும், அக்கருவிகளுக்கிடையே செல்லும் நிகழ்பட, ஒலி, தரவுக் குறிகைகளையும் ஓரிடத்திலிருந்து இணைக்கவும், மாற்றவும், கண்காணிக்கவும் பயன்படும் மென்பொருள், வன்பொருள்களின் தொகுப்பு ஆகும். குறிகை என்ற சொல் இங்கு சமிக்ஞை அல்லது சிக்னல் எனப் பொதுவாக வழங்கப்படுவதைக் குறிக்கின்றது. படத்தைப் பிடிப்பதோ, தொகுப்பதோ, செயற்கைக்கோளுக்கு ஏற்றுவதோ இம்முறைமையின் வேலை அன்று. எந்தக் குறிகை எந்தக் கருவியிலிருந்து எந்தக் கருவிக்குச் செல்லவேண்டும் என்று பணித்து, பணித்தபடியே அது செல்கின்றதா என்று பார்த்துக்கொண்டிருப்பதே இதன் வேலை.

இம்முறைமை ஒழுங்காக இயங்கும்வரை பார்வையாளர் எவரும் அதனை அறிவதில்லை. அது தவறும்போது திரை கருமையாகின்றது, அல்லது செய்தி வாசிப்பவரின் உதட்டசைவும் குரலும் பொருந்தாமல் போகின்றன, அல்லது செவிப்புலன் குறைந்தோர் நம்பியிருக்கும் வசன வரிகள் மறைந்துவிடுகின்றன. 2010களின் பிற்பகுதியிலிருந்து பல நிலையங்கள் கம்பிவடங்களைக் கைவிட்டுக் கணினி வலையமைப்புக்கு மாறிவருவதால், இம்முறைமையின் இயல்பும் பெருமளவு மாறியுள்ளது. முன்பு இணைப்புக்குச் சான்றாக ஒரு வடம் இருந்தது. இப்போது இருப்பது ஒரு பதிவேடு மட்டுமே.

நிலையத்தினுள் செல்லும் குறிகைகள்

உயர்வரையறைத் தொலைக்காட்சி நிலையங்களில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவருவது தொடர் இலக்கமுறை இடைமுகம் ஆகும். இது எஸ்.டி.ஐ. என்ற எழுத்துக்களால் அழைக்கப்படுகின்றது. எஸ்.எம்.பி.டி.இ. எனப்படும் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் கழகத்தின் 292 என்ற தரத்தின்படி, ஓர் உயர்வரையறைக் குறிகை நொடிக்கு 1.485 கிகாபிட் வேகத்தில் கோஆக்சியல் வடம் ஒன்றில் செல்கின்றது. இவ்வடத்தில் படம் மட்டும் செல்வதில்லை. படக்கோடுகளுக்கு இடையேயுள்ள வெற்றிடத்தில் 16 ஒலித்தடங்கள், நேரக்குறி, வசன வரிகளுக்கான தரவு, விளம்பரம் தொடங்கவேண்டிய இடத்தைச் சுட்டும் செய்தி ஆகியனவும் ஏற்றப்படலாம். ஒரு வடத்தைக் கையில் பிடித்தால் இவை அனைத்தையும் சேர்த்தே பிடித்ததாகும். இந்த எளிமையின் அருமை, அது இல்லாமற்போன பின்னரே பலருக்குப் புரிந்தது.

இக்குறிகையின் முக்கியமான பண்பு அது ஒருவழிப்பாதை என்பது. கேமராவிலிருந்து புறப்படும் படம், வடத்தின் மறுமுனையில் யார் இருக்கின்றார் என்பதை அறியாது. எனவே கருவிகளை இயக்குவதற்கும் அவற்றின் நிலையைக் கேட்டறிவதற்கும் தனியான கட்டுப்பாட்டு இணைப்புகள் தேவைப்படுகின்றன. படம் செல்லும் பாதை ஒன்று, கட்டளை செல்லும் பாதை வேறொன்று. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படும் தருணங்களிலேயே இத்துறையின் பெரும்பாலான சிக்கல்கள் தோன்றுகின்றன.

குறுக்குப்புள்ளி அணி

நிலையத்தின் நடுவே ரௌட்டர் எனப்படும் குறுக்குப்புள்ளி அணி இருக்கும். இது கணினி வலையமைப்பில் உள்ள திசைவியிலிருந்து வேறுபட்டது. ஒரு சதுரங்கப் பலகையின் கிடைக்கோடுகளை மூலங்கள் எனவும், நெடுங்கோடுகளை இலக்குகள் எனவும் கொண்டால், அவை சந்திக்கும் ஒவ்வோர் இடமும் ஒரு குறுக்குப்புள்ளி ஆகும். அப்புள்ளியை மூடினால் அந்த மூலம் அந்த இலக்கைச் சென்றடையும். 512 மூலங்களும் 512 இலக்குகளும் கொண்ட அணியில் 2,62,144 குறுக்குப்புள்ளிகள் உள்ளன. ஒரு மூலம் எத்தனை இலக்குகளுக்கும் செல்லலாம். ஆனால் ஓர் இலக்கு ஒரு நேரத்தில் ஒரு மூலத்தையே பெறமுடியும்.

ஒரு மூலத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் தருணம் படத்தின் நடுவில் அமைந்தால் திரை கிழிந்ததுபோல் தோன்றும். இதனைத் தவிர்ப்பதற்காக எந்தக் கோட்டில் மாறவேண்டும் என்பது வரையறுக்கப்பட்டுள்ளது. இந்தியாவும் இலங்கையும் பயன்படுத்திய 625 கோட்டு முறையில் அது 6 ஆம் கோடு. அமெரிக்காவின் 525 கோட்டு முறையில் 10 ஆம் கோடு. உயர்வரையறையில் 7 ஆம் கோடு. அவை யாவும் படம் தெரியாத மேற்பகுதியில் உள்ள கோடுகள்.

வான்வழி சென்றுகொண்டிருக்கும் இலக்கைத் தவறுதலாக எவரும் மாற்றிவிடாதிருக்க, கட்டுப்பாட்டு முறைமை அவ்விலக்கைப் பூட்டிவைக்க இடமளிக்கின்றது. பூட்டியவர் மட்டுமே திறக்கலாம் என்பது விதி. நடைமுறையில், பூட்டியவர் வேலைநேரம் முடிந்து வீட்டுக்குச் சென்றுவிடுவதால் பூட்டைத் திறக்கவல்ல மேலாளர் ஒருவர் எந்நேரமும் இருக்கவேண்டியுள்ளது.

பெயர்கள்

அணியைப் பொறுத்தவரை மூலங்களுக்கு எண்கள் மட்டுமே உண்டு. 'அரங்கு 1 கேமரா 3' என்பது போன்ற பெயர்களைத் தருவது கட்டுப்பாட்டு முறைமை ஆகும். பழைய கட்டுப்பாட்டுப் பலகைகளில் பெயருக்கு எட்டு எழுத்துக்களே, சிலவற்றில் நான்கே இடம்பெற்றன. ஆகவே ஒவ்வொரு நிலையமும் தனக்கென ஒரு சுருக்கெழுத்து வழக்கை உருவாக்கிக்கொண்டது. புதிதாகச் சேரும் பணியாளர் முதலில் கற்றுக்கொள்வது இவ்வழக்கையே.

பெயரிடல் எளிய எழுத்தர் பணிபோலத் தோன்றினும், முறைமையின் நம்பகம் பெரிதும் இதிலேயே தங்கியுள்ளது. 'வெளிக்களம் 2' என்ற பெயர் இன்று ஒரு மைதானத்திலிருந்து வரும் செயற்கைக்கோள் இணைப்பையும், நாளை ஒரு கண்ணாடியிழை இணைப்பையும் குறிக்கலாம். பெயரை மாற்ற மறந்தால் பட்டியலின்படி எல்லாம் சரியாகவே இருக்கும். திரையில் மட்டும் வேறு ஊர் தெரியும். இதனால் பெரும்பாலான முறைமைகளில், நிலையான பொறியியற் பெயரும் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறும் பயன்பாட்டுப் பெயரும் தனித்தனியே வைக்கப்படுகின்றன. ஒரு நிகழ்ச்சிக்குத் தேவையான அனைத்து இணைப்புகளையும் ஒரே பொத்தானில் சேமித்துவைத்து ஒருங்கே செயற்படுத்துவது சால்வோ எனப்படும். காலைச் செய்தி முடிந்து அதே அரங்கில் சமையல் நிகழ்ச்சி தொடங்கும் இடைவெளியில் நூற்றுக்கணக்கான இணைப்புகளை ஒவ்வொன்றாக மாற்ற எவராலும் இயலாது.

செவ்விளக்கு

படப்பிடிப்புக் கருவியின் மேல் எரியும் சிவப்பு விளக்கு டாலி எனப்படும். இக்கேமராவின் படம் இப்போது வெளியே செல்கின்றது என்பதை அது கேமரா இயக்குநருக்கும் பேசுபவருக்கும் அறிவிக்கின்றது. பார்ப்பதற்கு ஒரு சிறு விளக்குதான். எனினும் அதனைச் சரியாக எரியச்செய்வது கட்டுப்பாட்டு முறைமையின் கடினமான கணக்குகளுள் ஒன்றாகும்.

எடுத்துக்காட்டாக, அரங்கு 1இன் மூன்றாம் கேமரா அணியின் 41 ஆம் வெளியீட்டின் வழியே படக்கலவைக் கருவியின் 7 ஆம் உள்ளீட்டை அடைகின்றது எனக் கொள்வோம். கலவைக் கருவியில் அப்படம் ஒரு சிறு பெட்டியாக இன்னொரு படத்தின் மீது வைக்கப்படுகின்றது. கலவைக் கருவியின் முடிவான வெளியீடு மீண்டும் அணியினுள் நுழைந்து முதன்மைக் கட்டுப்பாட்டறைக்குச் செல்கின்றது. அங்கே இப்போது செல்வது விளம்பரமா அரங்கா என்பதை வேறொருவர் தீர்மானிக்கின்றார். கேமராவின் விளக்கு எரியலாமா என்பதை அறிய, முறைமை முடிவிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி ஒவ்வொரு கருவியையும் வினவிக்கொண்டு கேமராவரை வரவேண்டும். இடையில் எவரேனும் இணைப்புப் பலகையில் ஒரு வடத்தைக் கையால் மாற்றிச் செருகிவிட்டால் முறைமை அதனை அறியாது. விளக்கு தவறான கேமராவில் எரியும். எரியாத கேமராவை இயக்குபவர், தாம் வெளியே செல்லவில்லை என்று நம்பி, கருவியைத் திருப்புவார். நேயர்கள் அரங்கின் கூரையைக் காண்பர்.

கருவிகளுடன் பேசும் மொழிகள்

ஒரு நிலையத்தில் பல பத்தாண்டுகளில் பல நிறுவனங்களிடம் வாங்கப்பட்ட கருவிகள் அருகருகே இருக்கும். இவற்றுக்கென ஒரு பொதுமொழி ஒருபோதும் இருந்ததில்லை. மிகப் பழையது, இரு கம்பிகளைத் தொடுவித்து ஒரு செயலைத் தொடங்கும் தொடுமுனை முறை ஆகும். இதில் 'செய்' என்பதைத் தவிர வேறு செய்தி இல்லை. ஆனால் பழுதடைவதும் அரிது என்பதால் இன்றும் பயன்படுகின்றது. நாடாப் பதிவுக்கருவிகளை இயக்க சோனி நிறுவனம் உருவாக்கிய ஒன்பது முள் நெறிமுறை, நொடிக்கு 38,400 பிட் வேகத்தில் ஆர்.எஸ். 422 வடத்தில் இயங்கியது. நாடாக்கள் மறைந்த பின்னரும் வன்தட்டுப் பதிவுக்கருவிகள் பல தம்மை நாடாக்கருவியாகவே காட்டிக்கொண்டு இம்மொழியைப் பேசிவந்தன.

அணிகளுக்குப் புரோபெல் நிறுவனத்தின் எஸ்.டபிள்யூ.பி. 08, நிகழ்பட வழங்கிகளுக்கு வி.டி.சி.பி., திரையடிப் பெயர்ப்பலகைகளுக்கு டி.எஸ்.எல். நெறிமுறை, செய்தியறைக் கணினிகளுக்கு மாஸ், பொதுவான கண்காணிப்புக்கு எஸ்.என்.எம்.பி., பிற்காலத்தில் எம்பர் பிளஸ் என இப்பட்டியல் நீள்கின்றது. கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதுவோரின் உழைப்பில் பெரும்பங்கு இத்தகைய மொழிபெயர்ப்பிலேயே கழிகின்றது எனலாம்.

இதில் கவனிக்கவேண்டிய ஒரு நுட்பம் உண்டு. பொத்தானை அழுத்தியவுடன் அப்பொத்தானின் விளக்கை எரியச்செய்வது எளிது, அழுத்தியவருக்கும் நிறைவளிக்கும். ஆனால் அவ்விளக்கு 'கட்டளை அனுப்பப்பட்டது' என்பதை மட்டுமே கூறுகின்றது. நன்கு வடிவமைக்கப்பட்ட முறைமையில், கட்டளையைப் பெற்ற கருவி 'மாறிவிட்டேன்' என்று திரும்பச் சொன்ன பின்னரே விளக்கு எரியும். சொல்லவில்லையெனில் பொத்தான் மின்னிக்கொண்டே இருக்கும். அணியின் குறுக்குப்புள்ளி மாறியும், அதன் வழியே படம் வராதிருக்கலாம் என்பதால் இதுவும் முழுச்சான்று ஆகாது.

ஒத்திசைவும் உதட்டசைவும்

இரு படங்களைக் கலக்கவேண்டுமானால் அவை ஒரே கணத்தில் தொடங்கவேண்டும். இதற்காக நிலையம் முழுவதற்கும் ஒரே துடிப்புக் குறிகை வழங்கப்பட்டது. படமற்ற கருந்திரைக் குறிகையே பல்லாண்டுகளாக இப்பணியைச் செய்தது. வெளியிலிருந்து வரும் படங்கள் இத்துடிப்புக்கு இசையாதவை. அவற்றைச் சட்டக ஒத்திசைவி என்ற கருவி நினைவகத்தில் வாங்கிவைத்து, உரிய கணத்தில் வெளிவிடும். இதனால் படம் ஒரு சட்டகம் வரை தாமதமாகின்றது. நொடிக்கு 25 சட்டகங்கள் கொண்ட முறையில் ஒரு சட்டகம் 40 மில்லிநொடி ஆகும்.

ஒரு வெளிக்களப் படம் மூன்று ஒத்திசைவிகளைக் கடந்து வந்தால் 120 மில்லிநொடி வரை பிந்தக்கூடும். ஒலி வேறு பாதையில் வந்திருந்தால் அவ்வளவு முந்திக் கேட்கும். ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் ஆர் 37 பரிந்துரை, ஒலி படத்தைவிட 40 மில்லிநொடிக்கு மேல் முந்தவோ 60 மில்லிநொடிக்கு மேல் பிந்தவோ கூடாது என்கின்றது. முந்துவதற்குக் குறைந்த இடம் தரப்பட்டிருப்பதற்கு இயற்கையே காரணம். தொலைவில் துணி துவைப்பவரைக் காணும்போது அடி விழுந்த பின்னரே ஓசை கேட்கின்றது. அடி விழுமுன் ஓசை கேட்டல் இயற்கையில் இல்லை. எனவே குறிகையின் பாதையை மாற்றும்போதெல்லாம், அப்பாதையின் தாமதத்துக்கேற்ப ஒலித் தாமதத்தையும் மாற்றுவது கட்டுப்பாட்டு முறைமையின் கடமையாகின்றது.

இணைய நெறிமுறைக்கு மாற்றம்

2012இல் வெளியான எஸ்.எம்.பி.டி.இ. 2022-6 தரம், முழு எஸ்.டி.ஐ. குறிகையையும் பொதிகளாக்கிக் கணினி வலையமைப்பில் அனுப்ப வழிசெய்தது. 2017இல் வெளியாகத் தொடங்கிய 2110 தொகுதி இன்னும் ஒரு படி சென்று படம், ஒலி, துணைத்தரவு ஆகியவற்றைத் தனித்தனி ஓடைகளாகப் பிரித்தது. கார்டிஃபில் உள்ள பிபிசி வேல்ஸ் நிலையமும், மொன்றியலில் உள்ள ரேடியோ கனடாவின் புதிய நிலையமும் இம்முறையில் கட்டப்பட்டவற்றுள் அடங்கும்.

இம்முறையில் குறுக்குப்புள்ளி அணி இல்லை. அதனிடத்தில் தரவு மையங்களில் காணப்படும் ஈதர்நெட் நிலைமாற்றிகள் உள்ளன. ஒவ்வோர் ஓடைக்கும் ஒரு மல்டிகாஸ்ட் முகவரி தரப்படும். அவ்வோடையைப் பெறவிரும்பும் கருவி, அம்முகவரிக் குழுவில் தன்னைச் சேர்க்குமாறு நிலைமாற்றியைக் கேட்கும். அதாவது முன்பு நடுவிலிருந்த அணி மாறியது. இப்போது விளிம்பிலிருக்கும் பெறுநர் மாறுகின்றது. ஒரு படத்தை இணைக்க ஒரு கட்டளை போதுமாயிருந்த இடத்தில் படம், ஒலி, துணைத்தரவு ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டளை தேவை. படம் வந்து வசன வரிகள் வராமல் போவது எஸ்.டி.ஐ. வடத்தில் அரிது. இங்கு அது ஒரு சேர்ப்புக் கட்டளை தவறினாலே நிகழ்ந்துவிடும்.

இன்னொரு வேறுபாடு கொள்ளளவு தொடர்பானது. எஸ்.டி.ஐ. வடத்தில் ஒரு குறிகைக்கு மேல் நுழையமுடியாது. ஆகவே நெரிசல் என்ற பேச்சுக்கே இடமில்லை. வலையமைப்பில் அவ்வாறன்று. நொடிக்கு 50 சட்டகங்கள் கொண்ட, 3840×2160 படப்புள்ளிகள் உடைய அமுக்கப்படாத படத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு புள்ளிக்குச் சராசரி 20 பிட் வீதம் இது நொடிக்கு ஏறத்தாழ 8.29 கிகாபிட் ஆகும். 25 கிகாபிட் துறை ஒன்றில் இத்தகைய ஓடைகள் இரண்டு வசதியாகச் செல்லும். ஒன்றை மாற்றும்போது திரை கருமையாகாதிருக்க, புதியதை முதலில் சேர்த்துவிட்டுப் பழையதை விடுவது விரும்பத்தக்கது. ஆனால் அந்த இடைக்கணத்தில் மூன்று ஓடைகள் சேர்ந்து 24.88 கிகாபிட் ஆகிவிடும். பொதித் தலைப்புகளையும் கூட்டினால் 25ஐத் தாண்டும். நிலைமாற்றிக்கு எது நிகழ்படம் எது மின்னஞ்சல் என்று தெரியாது. அது கிடைத்த பொதியைக் கைவிடும். அப்போது பழுதடைவது மாற்றப்படும் படம் மட்டுமன்று, தொடப்படாத படமும்கூட. ஆகவே ஒவ்வோர் இணைப்பின் மீதும் இப்போது எவ்வளவு சுமை உள்ளது என்ற கணக்கைக் கட்டுப்பாட்டு முறைமை வைத்திருந்து, இடமில்லாதபோது மறுக்கவேண்டியுள்ளது.

பதிவேடு

வடம் இல்லாத நிலையில், நிலையத்தில் என்னென்ன கருவிகள் உள்ளன என்பதை அறிவது எப்படி? இதற்கென முன்னேறிய ஊடகப் பணிப்பாய்வுச் சங்கம் வெளியிட்ட திறந்த விவரக்குறிப்புகள் என்.எம்.ஓ.எஸ். எனப்படுகின்றன. இவற்றுள் ஐ.எஸ். 04 கருவிகள் தம்மைப் பதிந்துகொள்வதையும், ஐ.எஸ். 05 அவற்றை இணைப்பதையும் வரையறுக்கின்றன. மின்னூட்டப்பட்ட கருவி பதிவகத்தைத் தேடிச்சென்று தன்னையும், தான் அனுப்பக்கூடிய ஓடைகளையும் பதிந்துகொள்ளும். பின்னர் 5 நொடிக்கு ஒருமுறை 'இருக்கின்றேன்' என்று நாடித்துடிப்பு அனுப்பும். வழக்கமான அமைப்பில் 12 நொடி துடிப்பு வராவிட்டால் பதிவகம் அதனைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும்.

இங்கு ஒரு விந்தையான நிலை தோன்றக்கூடும். கருவியின் கட்டுப்பாட்டுத் துறை மட்டும் பழுதடைந்தால் பதிவகத்தில் அது இறந்துவிட்டது; படமோ தடையின்றிச் சென்றுகொண்டிருக்கும். மாறாக, துடிப்பு ஒழுங்காக வந்துகொண்டிருக்க, படத்துறையில் ஒரு பொதியும் வராமலிருக்கலாம். பதிவேட்டை மட்டும் நம்பும் பணியாளர் முதல் நிலையில் வீணாக அஞ்சுவார். இரண்டாம் நிலையில் வீணாக நிம்மதியாக இருப்பார். இரண்டாவதே தீங்கு மிக்கது.

அடையாளம் பற்றிய சிக்கலும் உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் ஓடைக்கும் 128 பிட் நீளமுள்ள தனித்துவ அடையாள எண் உண்டு. கட்டுப்பாட்டு முறைமை 'அரங்கு 1 கேமரா 3' என்ற பெயரை இவ்வெண்ணுடன் பிணைத்துவைக்கும். நள்ளிரவில் பழுதான அட்டையைக் கழற்றிப் புதியதைச் செருகினால், புதிய அட்டை புதிய எண்ணுடன் எழும். வடங்களின் காலத்தில் அதே துளையில் வடத்தைச் செருகினால் வேலை முடிந்தது. இப்போது அட்டை முற்றிலும் நலமாக இருந்தும், முறைமையைப் பொறுத்தவரை அது முன்பின் அறியாத ஒரு கருவி. பெயரையும் எண்ணையும் மீண்டும் பிணைக்கத் தெரிந்தவர் அவ்வேளையில் பணியில் இருக்கவேண்டும்.

நேரம்

பிரிந்து செல்லும் படமும் ஒலியும் மறுமுனையில் சேரவேண்டுமானால், அவற்றின் பொதிகளில் ஒரே கடிகாரத்தின் நேரம் பொறிக்கப்பட்டிருக்கவேண்டும். 2015இல் வெளியான 2059 தரம் இதற்குத் துல்லிய நேர நெறிமுறையைப் பயன்படுத்துகின்றது. ஒரு தலைமைக் கடிகாரம் செயற்கைக்கோள்களிலிருந்து நேரத்தைப் பெற்று வலையமைப்பில் பரப்புகின்றது. எந்த இரு கருவிகளின் கடிகாரங்களும் ஒரு மைக்ரோநொடிக்குள் ஒத்திருத்தல் இதன் இலக்கு. இந்நேரம் பன்னாட்டு அணு நேரத்தில் கணக்கிடப்படுகின்றது. இது 2017 முதல் ஒருங்கிணைந்த அனைத்துலக நேரத்தைவிட 37 நொடி முந்தியுள்ளது. இந்த 37ஐக் கழிக்க மறந்த கருவியின் சுவர்க்கடிகார நேரம் ஏறக்குறைய அரை நிமிடம் முந்திவிடும்.

தலைமைக் கடிகாரம் செயலிழந்தால் கருவிகள் தமக்குள் இன்னொன்றைத் தேர்ந்துகொள்ளும். தேர்வு ஒவ்வொரு கருவியும் அறிவிக்கும் முன்னுரிமை எண்ணின் அடிப்படையில் நடைபெறுவதால், தவறாக அமைக்கப்பட்ட ஒரு சிறு கருவி தன்னையே தலைமையென அறிவித்து நிலையம் முழுவதையும் தன்பின் இழுத்துச்செல்ல இயலும். களக் குழு எண் பொருந்தாமையும் அடிக்கடி காணப்படுவதே. 2059 தரத்தில் இயல்பான எண் 127. ஒலிக்கருவிகள் பின்பற்றும் ஏ.இ.எஸ். 67 தரத்தில் 0. இதனைக் கவனியாமல் செருகப்பட்ட ஒலிக்கருவி, எல்லா விளக்குகளும் பச்சையாக எரிய, தனித்த ஒரு காலத்தில் வாழ்ந்துகொண்டிருக்கும்.

கண்காணிப்பு

கருமை, உறைந்த படம், ஓசையின்மை ஆகிய மூன்றையும் தானாகக் கண்டறிந்து எச்சரிப்பது எல்லா முறைமைகளிலும் உள்ளது. மௌன அஞ்சலியும் நெடுநேரம் அசையாத இயற்கைக் காட்சியும் இவ்வெச்சரிக்கைகளைத் தூண்டிவிடும். எச்சரிக்கைக் காலத்தை நீட்டினால் உண்மையான பழுது பிந்தித் தெரியவரும். குறைத்தால் பணியாளர்கள் எச்சரிக்கைகளைப் பொருட்படுத்தாமல் பழகிவிடுவர். இதற்குப் பொதுவான விடை இல்லை, அலைவரிசைக்கு அலைவரிசை வேறுபடும்.

ஒரு மின்வழங்கி பழுதடைந்தால் அதனைச் சார்ந்த நூற்றுக்கணக்கான கருவிகள் ஒரே நேரத்தில் எச்சரிக்கும். அவற்றுள் முதற்காரணத்தைப் பிரித்துக் காட்டாத முறைமை, பயன்படவேண்டிய வேளையில் பயன்படாது. 2022-7 என்ற தரம் இதற்கு நேர்மாறான சிக்கலைத் தருகின்றது. இதன்படி ஒரே ஓடை இரு பாதைகளில் அனுப்பப்பட்டு, பெறுநர் எதில் பொதி வந்தாலும் எடுத்துக்கொள்ளும். ஒரு பாதை முழுவதும் அறுந்தாலும் படத்தில் எதுவும் தெரியாது. அதுவே இதன் சிறப்பு. ஆனால் அறுந்தது எவருக்கும் தெரியாமலே வாரக்கணக்கில் கிடந்தால், இரண்டாம் பாதை அறும் நாளில்தான் முதலாவதன் கதை வெளிவரும். படம் குறையின்றி இருக்கும்போதும் எச்சரிக்கை எழுப்பவேண்டிய இடம் இது.

டி.வி.5 மோந்த் தாக்குதல், 2015

2015 ஏப்ரல் 8 இரவு, பிரான்சின் பன்னாட்டுத் தொலைக்காட்சியான டி.வி.5 மோந்தின் 12 அலைவரிசைகளும் இணையவழித் தாக்குதலால் இருண்டன. தொடக்கத்தில் 'சைபர் கலிபா' என்ற பெயரில் பொறுப்பேற்கப்பட்டது. பின்னர் பிரெஞ்சு விசாரணையாளர்களின் பார்வை ஏ.பி.டி. 28 என்ற, ரஷ்யாவுடன் தொடர்புபடுத்தப்படும் குழுவின் மீது திரும்பியது. தாக்கியவர்கள் அவ்வாண்டு சனவரியிலேயே உள்நுழைந்து, நிலையத்தின் வலையமைப்பும் கருவிகளும் எவ்வாறு அமைக்கப்பட்டுள்ளன என்று விளக்கிய உள் ஆவணங்களைப் படித்தறிந்தனர். பின்னர் ஒளிபரப்புக் கருவிகளின் அமைப்புகளை மாற்றி, நிலைமாற்றிகளின் நிலைபொருளை அழித்தனர். பணியாளர்கள் ஒழுங்காகப் பேணிவந்த பதிவேடே தாக்கியவர்களுக்கு வரைபடமாகப் பயன்பட்டது.

அன்று புதிய அலைவரிசை ஒன்று தொடங்கப்பட்டிருந்ததால் தொழில்நுட்பப் பணியாளர்கள் நிலையத்திலேயே இருந்தனர். அவர்களுள் ஒருவர் தாக்குதல் நடந்துகொண்டிருந்த கணினியைக் கண்டறிந்து, அதன் வடத்தைப் பிடுங்கினார். மறுநாள் காலையில் ஒளிபரப்பு படிப்படியாக மீண்டது.

கருவிகளின் கட்டுப்பாட்டு நெறிமுறைகள் பல, கட்டளை இடுபவர் யார் என்று கேட்பதே இல்லை. தனியறையில் தனிவடத்தில் இருந்த காலத்தில் அதற்குத் தேவையும் இல்லை. என்.எம்.ஓ.எஸ். தொகுதியில் மறையீட்டுக்கும் உரிமச்சான்றுக்கும் உரிய விவரக்குறிப்புகள் பிற்பாடு சேர்க்கப்பட்டன. பழைய கருவிகளுக்கு அவை எட்டா. அவற்றைத் தனி வலையமைப்பில் ஒதுக்கிவைப்பதே நடைமுறை.

இலண்டன் ஒளிபரப்பு மையப் பழுது, 2021

2021 செப்டம்பர் 25 அன்று, மேற்கு இலண்டனில் ரெட் பீ மீடியா நிறுவனம் நடத்திய ஒளிபரப்பு மையத்தில் தீயணைப்பு முறைமை இயங்கி வாயுவை வெளியிட்டது. அதனால் எழுந்த ஒலியதிர்ச்சி வன்தட்டுகளைப் பழுதாக்கியது. சேனல் 4, சேனல் 5, பிபிசி ஆகியவற்றின் சேவைகள் பாதிக்கப்பட்டன. படமும் ஒலியும் மாற்று இடத்திலிருந்து மீண்டன. ஆனால் சேனல் 4இல் வசன வரிகள், பார்வைக் குறைபாடுடையோருக்கான ஒலி விவரிப்பு, சைகைமொழி ஆகியவை வாரக்கணக்கில் மீளவில்லை. அவற்றை வழங்கிய முறைமையும் அதன் மாற்று ஏற்பாடும் பயன்படாமற்போக, புதிதாக ஒன்றைக் கட்டவேண்டியதாயிற்று. முழுச்சேவையும் திரும்ப நவம்பர் ஆயிற்று.

பிரித்தானிய ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2022இல் அளித்த முடிவில், ஃபிரீசாட் தளத்தில் 2021 ஆம் ஆண்டுக்குரிய 90 விழுக்காட்டு வசன வரி ஒதுக்கீட்டைச் சேனல் 4 எட்டவில்லை எனவும், பாதிக்கப்பட்டோருக்கு உரியவாறு தகவல் தெரிவிக்கவும் தவறியது எனவும் கண்டது. கருமை, உறைவு, ஓசையின்மை ஆகியவற்றைத் தேடும் கண்காணிப்புக் கருவிகளுக்கு அவ்வாரங்களில் சேனல் 4 குறையற்ற அலைவரிசையாகவே தெரிந்திருக்கும். வசன வரி ஓடையின் இருப்பையும், அதில் எழுத்துக்கள் உண்மையில் நகர்கின்றனவா என்பதையும் தனியே சோதிப்பதற்கு ஓர் உணரியை அமைத்தல் தொழில்நுட்ப அடிப்படையில் கடினமன்று. 2110 முறையில் துணைத்தரவு தனி ஓடையாகவே கிடைப்பதால் முன்னைவிட எளிதும்கூட.